குழல் வழியே ஒரு பொட்டு

போல்ட்டைக் கழற்றி மேஜையின் இடது ஓரத்தில் வைத்தேன்.
தோட்டா அறைக்குள் சுண்டுவிரல் விட்டுத் தடவினேன். காலி.
ஃபிர்தௌஸும் தடவிப் பார்த்தாள். காலி.
நாளைக் காலை ஆவடி தாண்டி ரேஞ்ச்.
அவள் பங்குக்கு எண்ணிக் கொடுத்த தோட்டாக்களில்
அளவு பார்க்க ஐந்தைத்தான் ஒதுக்க முடியும்.
ஐந்தும் மண்மேட்டில் தொலைந்தால்
ஆறாவதை யாரிடம் கேட்பது?

பழைய ஜீன்ஸின் கால்களை வெட்டித் தைத்து
பெசன்ட் நகர் மணல் அடைத்த இரண்டு பைகள்.
அதன்மேல் துப்பாக்கியைப் படுக்க வைத்தேன்.
புதுப்பேட்டையில் அது லேசாக அசையும்.
கீழே யாரோ ஒரு மாருதியின் கதவைச்
சம்மட்டியால் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பின்பக்கமிருந்து குழலுக்குள் பார்த்தேன்.
சங்கின் உட்புறம்போல் வரிகள் சுழன்று போக
கடைசியில் ஒரு காசு வெளிச்சம்.
அந்தக் காசுக்குள் எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டி.
எட்டு வருஷமாக அதுதான் எனக்குக் குறி.
ஆள் குடியில்லாத வீடு என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

காசுக்குள் ஒரு முழங்கை வந்தது.
அப்புறம் ஒரு பக்கெட்.
அப்புறம் ஈர லுங்கியை உதறும் ஒரு மனிதர்,
முழுசாக, தொட்டிக்கு முன்னால்.

போல்ட் மேஜையில் கிடக்கிறது, தெரியும்.
தோட்டா பீரோவில், சாவி என் கழுத்தில், தெரியும்.
ஆனாலும் குழலைத் தரைக்குத் தாழ்த்தினேன்.
"என்னாச்சு ஹெப்சிக்கா?"
மேஜையின் அந்த முனையைப் பிடி என்றேன்.

உள்சுவருக்குத் திருப்பினோம். நடைபாதை நீளம், இருபத்தைந்து மீட்டர்.
வெள்ளைச் சுவரில் வைக்க ஒரு புள்ளி வேண்டும்.
அவளும் பொட்டு வைக்கிறவள் இல்லை, நானும் இல்லை.
பாத்ரூம் கண்ணாடியில் யார் யாரோ ஒட்டிவிட்டுப் போனதில்
பெரிதாக ஒரு மெரூன் பொட்டைப் பிய்த்து வந்தாள்.
பசை கொஞ்சம் மிச்சமிருந்தது.

முதலில் லேசரைச் சொன்னாள்.
ரிச்சி தெருவில் பேட்டரி மாற்றிய அதே லேசர்.
குழல் வாயில் செருகி மெல்லச் சுழற்றினேன்.
சிவப்புப் புள்ளி நின்ற இடத்தில் நிற்காமல்
சுவரில் ஒரு வட்டம் போட்டது.
சுற்றுகிற புள்ளியின் பேச்சை எப்படி நம்ப?
வெளியே எடுத்தேன். "எடுத்தாச்சு" என்று சத்தமாகவும் சொன்னேன்.

மறுபடி கண்.
தலையைப் பின்னிழுத்து
வளையத்துக்குள் வளையம் சரியாக உட்காரும்வரை மூச்சடக்கி
பொட்டை நட்டநடுவில் நிறுத்தினேன்.
குழல் ஒன்றைப் பார்க்கிறது.
அதற்கு இரண்டு விரல் மேலே ஸ்கோப் வேறொன்றைப் பார்க்கிறது,
பொட்டுக்கு ஒரு சாண் மேலே, ஸ்விட்ச் போர்டை.

இனி துப்பாக்கி அசையக் கூடாது, திருகு மட்டும்.
"கூட்டல் குறி கீழே வரணும்,
நீங்க ஏன் மேலேன்னு போட்ட பக்கம் திருப்புறீங்க?"
அம்பு சொல்வது குண்டின் திசையை.
குண்டுக்கு மேலே என்றால் குறிக்குக் கீழே.
அவள் முகத்தைச் சுளித்தாள்.
எனக்கும் முதல் வருஷம் அப்படித்தான் இருந்தது.
டிக். டிக். நாற்பத்தொன்று எண்ணினேன்.
நடுவில் சம்மட்டி ஒருமுறை ஓங்கி விழ
திரும்பவும் குழல், திரும்பவும் பொட்டு,
இன்னும் மூன்று டிக்.

மறுநாள் முதல் குண்டு
கறுப்பு வட்டத்துக்கு வெளியே, ஏழு மணித் திசையில்.
"போச்சு" என்றாள்.
காகிதத்தில் விழுந்திருக்கு பார் என்றேன்.
இரண்டாவதும் மூன்றாவதும் அதன் தோளை உரசி விழுந்தன.
நான் செய்தது அவ்வளவுதான்.
மிச்சத்தை அவளே திருகினாள், வாய்க்குள் முணுமுணுத்தபடி,
மேலே, வலது, மேலே.
ஐந்தாவதுக்கு அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

திங்கட்கிழமை கிளப்பைத் திறந்தேன்.
சுவரில் பொட்டு அப்படியே.
ஜன்னலில் நின்று வெறும் கண்ணால் பார்த்தேன்.
இங்கிருந்து அவர் முகம் தெரியவில்லை.
கொடியில் இரண்டு லுங்கி, ஒரு சின்னக் கவுன்.
மேஜையைப் பழைய இடத்துக்குத் திருப்பவில்லை.